லினக்ஸ் கேட்வேயில் பாக்கெட் எங்கே நிற்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு நெட்வொர்க் கார்டு போட்ட ஒரு மெஷின், அதில் டெபியன் அல்லது உபுண்டு, ஒரு பக்கம் இணைய லைன், மறுபக்கம் சுவிட்ச். சின்ன அலுவலகங்களில், உள் நெட்வொர்க்கை இணையத்தோடு இணைக்கும் கேட்வே என்றால் பெரும்பாலும் இதுதான். ஓடுகிற வரை யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நின்றுவிட்டால் ஆளுக்கொரு கட்டளையைத் தட்டிப் பார்ப்பார்கள். கடைசியில் எது சரிசெய்தது என்று யாருக்கும் தெரியாது.

பதில்கள் எல்லாவற்றுக்கும் ஒரே அமைப்பை எடுத்துக்கொள்வோம். உள்பக்க கார்டு ஈத்1, அதன் முகவரி 192.168.10.1. வெளிப்பக்க கார்டு ஈத்0. அதன் மேல் பிபிபிஓஇ (சேவை நிறுவனத்தில் லாகின் செய்து இணையம் பெறும் முறை) ஓடுவதால் இணையம் உண்மையில் வருவது பிபிபி0 என்ற இன்டர்ஃபேஸ் வழியாக. உள்ளே சோதனைக்கு ஒரு கம்ப்யூட்டர், 192.168.10.50. கட்டளைகள் எல்லாம் ரூட் யூசராக ஓட வேண்டியவை.

கேட்வேயிலிருந்து பிங் போகிறது. உள்ளே இருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து போகவில்லை. எப்படி?

இரண்டும் வேறு வேறு பாதை. கேட்வே தானே அனுப்பும் பாக்கெட் அவுட்புட் செயின் (செயின் என்பது ஃபயர்வால் விதிகளின் வரிசை) வழியாக வெளியே போகிறது. கிளம்பும்போதே அதற்கு பிபிபி0வின் முகவரி கிடைத்துவிடும். எனவே ஃபார்வர்டிங் (ஒரு கார்டில் வந்ததை மறு கார்டுக்குக் கடத்துவது) தேவையில்லை, நாட் (உள் முகவரியைப் பொது முகவரியாக மாற்றுவது) தேவையில்லை, ஃபார்வர்ட் செயினில் இருக்கும் விதிகளும் குறுக்கே வராது. கேட்வேயில் பிங் ஓடுகிறது என்றால் லைன் நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான் அர்த்தம்.

கேட்வேயில் உட்கார்ந்தபடியே கொஞ்சம் நெருக்கமாகச் சோதிக்க வேண்டும் என்றால் பிங் கட்டளைக்கு -ஐ கொடுத்து 192.168.10.1ஐ மூல முகவரியாக வையுங்கள். நாட் விதி வேலை செய்கிறதா என்பது அதில் தெரியும். ஃபார்வர்ட் செயின் அப்போதும் சோதனைக்கு வராது. அதற்கு உள்ளே இருக்கும் ஒரு கம்ப்யூட்டர்தான் வேண்டும்.

சரி, தேடலை எங்கிருந்து ஆரம்பிப்பது?

பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப்பிலிருந்து. எந்த அமைப்பிலும் கை வைப்பதற்கு முன்னால். இரண்டு டெர்மினல் திறந்து ஒன்றில் ஈத்1, மற்றதில் பிபிபி0 என்று இரண்டிலும் ஐசிஎம்பி (பிங் பயன்படுத்தும் புரோட்டோகால்) மட்டும் பிடியுங்கள். -என் கொடுக்க மறக்க வேண்டாம். இல்லையென்றால் முகவரிகளுக்குப் பெயர் தேடிக்கொண்டு அதுவே தொங்கும். பிறகு 192.168.10.50லிருந்து 1.1.1.1க்கு பிங் அடியுங்கள்.

ஈத்1இல் எதுவுமே வரவில்லையா? கேட்வேயில் தேட ஒன்றும் இல்லை. அந்தக் கம்ப்யூட்டரின் டீஃபால்ட் கேட்வே, சப்நெட் மாஸ்க், விலான், கேபிள் என்று போங்கள். ஐசிஎம்பி மட்டும் என்ற வடிகட்டியை எடுத்துவிட்டுப் பார்க்கும்போது ஏஆர்பி கேள்வி (“இந்த ஐபி யாருடையது?”) மட்டும் வந்துகொண்டே இருந்தால் மாஸ்க் தவறாக இருக்கலாம்.

ஈத்1இல் வருகிறது, பிபிபி0வில் போகவில்லை என்றால் பாக்கெட் கெர்னலுக்குள் சாகிறது. ஃபார்வர்டிங், ரூட், ஆர்பி ஃபில்டர், ஃபார்வர்ட் செயின் இவற்றில் ஒன்றுதான். இந்தப் பக்கத்தில் பாதி இதைப் பற்றியதுதான்.

பிபிபி0வில் போகிறது, ஆனால் மூல முகவரி இன்னும் 192.168.10.50 ஆகவே இருக்கிறது என்றால் நாட் நடக்கவில்லை. சரியான பொது முகவரியோடு போய்ப் பதில் வரவில்லை என்றால் கோளாறு வெளியே. பிபிபி0வில் பதில் வந்து ஈத்1இல் இறங்கவில்லை என்றால் திரும்பும் வழி அடைபட்டிருக்கிறது. ஏற்கெனவே நிலைபெற்ற கனெக்‌ஷன்களை அனுமதிக்கும் விதி விடுபட்டால் இப்படித்தான் தெரியும்.

டிசிபிடம்ப்பைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். உள்ளே வரும் பாக்கெட்டை அது ஃபயர்வாலுக்கு முன்பே பார்த்துவிடும். வெளியே போவதை ஃபயர்வாலும் நாட்டும் முடிந்த பிறகுதான் பார்க்கும். “டிசிபிடம்ப்பில் தெரிகிறதே, அப்படியென்றால் ஃபயர்வால் விட்டிருக்கிறது” என்ற வாதம் உள்ளே வரும் பக்கத்தில் செல்லாது. ஹார்டுவேர் ஆஃப்லோட் போட்ட ரவுட்டர்களில் நிலைபெற்ற கனெக்‌ஷன்கள் டிசிபிடம்ப்பில் தெரியாமலே கடந்துபோகும். சோதிக்கும்போது அதை அணைத்துவிடுங்கள்.

ஐபி ஃபார்வர்டிங் போட்டேன். ரீபூட் ஆனதும் போய்விட்டது.

/ப்ராக்/சிஸ்/நெட்/ஐபிவி4/ஐபி_ஃபார்வர்ட் கோப்பில் 1 எழுதுவது அந்த நேரத்துக்கு மட்டும். கெர்னலின் இயல்பு மதிப்பு 0. நிலையாக இருக்க /இடிசி/சிஸ்சிடிஎல்.டி அடைவில் ஒரு கோப்பு போட்டு, நெட்.ஐபிவி4.ஐபி_ஃபார்வர்ட் = 1 என்று எழுதி, சிஸ்சிடிஎல் கட்டளையை --சிஸ்டம் விருப்பத்தோடு ஓட்டுங்கள்.

பழைய வழிகாட்டிகள் /இடிசி/சிஸ்சிடிஎல்.கான்ஃப் கோப்பைத் திருத்தச் சொல்லும். டெபியன் 13இல் பூட் ஆகும்போது சிஸ்டம்டி அந்தக் கோப்பைப் படிப்பதில்லை. டெபியன் 12லிருந்து மேம்படுத்திய மெஷின்களில், அதுவரை ஒழுங்காக ஓடிய கேட்வே அடுத்த ரீபூட்டில் ஊமையாகிவிட்டால் முதலில் இதைப் பாருங்கள்.

ஐபி_ஃபார்வர்ட் வெறும் சுவிட்ச் மட்டும் அல்ல. அதன் மதிப்பு மாறும்போது ஐபிவி4இன் வேறு சில இன்டர்ஃபேஸ் அமைப்புகளும் ரவுட்டருக்கு உரிய இயல்பு நிலைக்குத் திரும்பும். எனவே கோப்பில் இந்த வரியை முதலில் வைத்து, மற்றவற்றைக் கீழே வையுங்கள். ஒவ்வொரு இன்டர்ஃபேஸுக்கும் தனியாக ஃபார்வர்டிங் என்று ஒரு மதிப்பும் உண்டு. பொதுவானது 1 ஆக இருந்தும் ஈத்1க்கு மட்டும் 0 என்றால் ஈத்1இல் வரும் பாக்கெட் கடக்காது. யூஎஃப்டபிள்யூ (உபுண்டுவின் ஃபயர்வால் கருவி) வைத்திருப்பவர்கள் /இடிசி/யூஎஃப்டபிள்யூ அடைவில் இருக்கும் அதன் சொந்த சிஸ்சிடிஎல்.கான்ஃபையும் பார்க்க வேண்டும். பூட் ஆகும்போது கடைசியாக எழுதுபவர் யாரோ, அவர் சொல்வதுதான் நிற்கும்.

ஃபார்வர்டிங்தான் காரணமா என்று எண்ணிக்கையில் பார்க்கலாம். என்ஸ்டாட் கட்டளையில் -ஏஇசட் கொடுத்து இரண்டு வரிகளைக் கவனியுங்கள். ஃபார்வர்டிங் ஓடினால் ஐபிஃபார்வ்டேட்டாகிராம்ஸ் ஏறும். ஃபார்வர்டிங் அணைந்த நிலையில் பிங் அடித்தால் ஐபிஇன்அட்ரெர்ரர்ஸ் ஒவ்வொன்றாக ஏறும்.

கெர்னல் என்ன முடிவெடுக்கும் என்று அதனிடமே கேட்க முடியுமா?

முடியும். அதிகம் பேர் பயன்படுத்தாத, ஆனால் அருமையான கட்டளை இது:

ஐபி ரூட் கெட் 1.1.1.1 ஃப்ரம் 192.168.10.50 ஐஐஎஃப் ஈத்1

“ஈத்1இல் இந்த முகவரியிலிருந்து ஒரு பாக்கெட் வந்தால் எங்கே அனுப்புவாய்?” என்பதுதான் கேள்வி. எல்லாம் சரி என்றால் பிபிபி0 என்று பதில் வரும். “நோ ரூட் டு ஹோஸ்ட்” என்று வந்தால், டீஃபால்ட் ரூட் இருக்கும் மெஷினில் அது பெரும்பாலும் ஃபார்வர்டிங் அணைந்திருப்பதன் அடையாளம். “இன்வேலிட் கிராஸ்-டிவைஸ் லிங்க்” என்று ஏதோ டிஸ்க் கோளாறு போல ஒரு பிழை வந்தால் அது ஆர்பி ஃபில்டர்.

கடைசியில் இருக்கும் ஐஐஎஃப் பகுதியை விட்டுவிட்டால் கேட்வே தானே அனுப்பும் பாக்கெட்டுக்கான பதில்தான் வரும், அது நமக்கு உதவாது. பாலிசி ரவுட்டிங்கில் மார்க் (பாக்கெட்டில் ஒட்டும் எண்) வைத்து வழி பிரிக்கிறீர்கள் என்றால் மார்க் மதிப்பையும் சேர்த்துக் கேளுங்கள். ஃபயர்வால் விதிகளை இந்தக் கட்டளை பார்ப்பதே இல்லை என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஆர்பி ஃபில்டர் என்றால் என்ன? எல்லோரும் 0 ஆக்கச் சொல்கிறார்களே?

ஒரு பாக்கெட் உள்ளே வந்ததும் கெர்னல் அதன் மூல முகவரியைப் பார்த்து, “இந்த முகவரிக்கு நான் பதில் அனுப்பினால் இதே இன்டர்ஃபேஸ் வழியாகத்தானே போகும்?” என்று சரிபார்க்கிறது. இல்லையென்றால் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் தூக்கி எறிந்துவிடும். 1 என்றால் இந்தக் கண்டிப்பு. 2 என்றால் ஏதாவது ஒரு இன்டர்ஃபேஸ் வழியாக அந்த முகவரிக்கு ரூட் இருந்தாலே போதும். 0 என்றால் சோதனையே இல்லை. போலி மூல முகவரியோடு வரும் பாக்கெட்டுகளைத் தடுப்பதற்கான ஏற்பாடு இது.

குழப்பம் மதிப்பை வைக்கும் விதத்தில் இருக்கிறது. “ஆல்” என்பதற்கு ஒரு மதிப்பு, ஒவ்வொரு இன்டர்ஃபேஸுக்கும் ஒரு மதிப்பு. இரண்டில் எது பெரியதோ அதுதான் செல்லும். ஈத்1க்கு 0 போட்டுவிட்டு ஆல் 1 ஆக இருந்தால் ஒன்றும் மாறியிருக்காது. ஆனால் ஆல் 1 ஆக இருக்கும்போது ஈத்1க்கு 2 போட்டால் 2 செல்லும்.

கண்ணை மூடிக்கொண்டு 0 போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. காரணத்துக்கு ஒரு உதாரணம். 192.168.10.2 என்ற முகவரியில் ஒரு எல்3 சுவிட்ச் (ரவுட்டிங்கும் செய்யும் சுவிட்ச்) இருக்கிறது, அதற்குப் பின்னால் 192.168.20.0/24 என்று இன்னொரு நெட்வொர்க். அங்கிருந்து 192.168.20.5 அனுப்பும் பாக்கெட் ஈத்1இல் வருகிறது. கேட்வேயில் அந்த நெட்வொர்க்குக்கு ரூட் எழுதவில்லை. எனவே கெர்னலின் கணக்கில் 192.168.20.5 இருப்பது டீஃபால்ட் ரூட் பக்கம், அதாவது பிபிபி0வுக்கு அப்பால். ஆர்பி ஃபில்டர் 1 ஆக இருந்தால் எறிந்துவிடும். நீங்கள் 0 போடுகிறீர்கள், பாக்கெட் வெளியே போகிறது, பதிலும் வருகிறது. அந்தப் பதிலை 192.168.20.5க்குக் கொண்டுசேர்க்கக் கேட்வேக்கு வழி தெரியாது, திரும்பவும் இணையப் பக்கமே அனுப்பிவிடும். ஒரு கோளாறு இருந்த இடத்தில் இன்னொன்று. உண்மையில் செய்ய வேண்டியது ஒரே வரி:

ஐபி ரூட் ஆட் 192.168.20.0/24 வியா 192.168.10.2

ரூட் வந்ததும் ஆர்பி ஃபில்டருக்கும் திருப்தி, பதிலும் ஊர் போய்ச் சேரும். இரண்டு இணைய லைன் இருந்து, ஒன்றில் போனது மற்றொன்றில் திரும்பும் வாய்ப்பு இருந்தால் மட்டும் அந்த இன்டர்ஃபேஸ்களுக்கு 2 வையுங்கள். அதுவே போதும்.

இதுதான் காரணமா என்று உறுதி செய்ய என்ஸ்டாட்டில் டிசிபிஎக்ஸ்ட்ஐபிரிவர்ஸ்பாத்ஃபில்டர் என்ற வரி ஏறுகிறதா பாருங்கள். லாக்_மார்ஷியன்ஸ் என்ற அமைப்பை 1 ஆக்கினால் டிமெசேஜில் (கெர்னலின் லாக்) வரியும் விழும். அந்த வரியைப் படிப்பதில் ஒரு சங்கடம் உண்டு:

மார்ஷியன் சோர்ஸ் 1.1.1.1 ஃப்ரம் 192.168.20.5, ஆன் டெவ் ஈத்1

சோர்ஸ் என்ற சொல்லுக்கு அடுத்து நிற்பது பாக்கெட் போகவேண்டிய முகவரி. ஃப்ரம் என்பதற்கு அடுத்து வருவதுதான் மூல முகவரி. எழுதியவர்கள் ஏன் இப்படி வைத்தார்களோ, தலைகீழாகப் படித்து 1.1.1.1ஐச் சந்தேகிப்பவர்கள் நிறையப் பேர்.

ஃபயர்வாலில் அனுமதி விதி சரியாக இருக்கிறது. ஆனாலும் பாக்கெட் நிற்கிறது.

நீங்கள் பார்க்கும் ஃபயர்வால் மட்டும்தான் ஓடுகிறதா? கெர்னலில் ஃபார்வர்ட் ஹூக் (கடந்துபோகும் பாக்கெட்டைச் சோதிக்கும் இடம்) ஒன்றுதான், ஆனால் அதில் பல பேஸ் செயின்கள் தொங்கலாம். ஐபிடேபிள்ஸ் கட்டளை எழுதியது ஒன்று, ஃபயர்வால்டி எழுதியது ஒன்று, நீங்கள் என்எஃப்டி கட்டளையால் கையால் எழுதியது ஒன்று. இதில் ஒரு செயினில் கிடைக்கும் அனுமதி அந்தச் செயினோடு முடிகிறது, பாக்கெட் அடுத்த செயினுக்கும் போய்த்தான் ஆக வேண்டும். எறிவது அப்படி இல்லை, எந்தச் செயின் எறிந்தாலும் கதை முடிந்தது. கல்யாணப் பேச்சு மாதிரிதான்: எல்லோரும் சரி சொல்ல வேண்டும், ஒருவர் வேண்டாம் என்றால் போதும்.

ஆகவே ஐபிடேபிள்ஸ் பட்டியலை மட்டும் பார்க்காமல் என்எஃப்டி லிஸ்ட் ரூல்செட் ஓட்டி முழுவதையும் பாருங்கள். டெபியன் 10லிருந்து ஐபிடேபிள்ஸ் என்று தட்டுவது இயல்பாக என்எஃப்டேபிள்ஸுக்குத்தான் எழுதுகிறது. பழைய ஸ்கிரிப்ட் ஏதாவது ஐபிடேபிள்ஸ்-லெகஸி வழியாக எழுதியிருந்தால் அந்த விதிகள் இந்தப் பட்டியலில் வராது. தனியாக ஐபிடேபிள்ஸ்-லெகஸி-சேவ் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

யூஎஃப்டபிள்யூவில் ஃபார்வர்ட் பாலிசி (எந்த விதியும் பொருந்தாதபோது எடுக்கும் முடிவு) இயல்பாகவே ட்ராப், அதாவது எறிவது. யூஎஃப்டபிள்யூ அலவ் என்று எழுதும் விதிகள் கேட்வேக்கே வரும் பாக்கெட்டுக்கு மட்டும். கடந்துபோவதற்கு யூஎஃப்டபிள்யூ ரூட் அலவ் இன் ஆன் ஈத்1 அவுட் ஆன் பிபிபி0 என்று தனியாக எழுத வேண்டும். ஃபயர்வால்டியில் இரண்டு இன்டர்ஃபேஸும் எந்த ஸோனில் இருக்கின்றன என்று முதலில் பாருங்கள். வேறு வேறு ஸோன் என்றால் இடையில் ஒரு பாலிசி தேவைப்படலாம்.

எந்த விதி எறிகிறது என்று கண்டுபிடிக்க கவுன்ட்டர்களே பாதி வேலையைச் செய்துவிடும். ஐபிடேபிள்ஸ் -எல் ஃபார்வர்ட் -வி -என் ஓட்டி, பிங் அடித்தபடி எந்த வரியின் எண் ஏறுகிறது என்று பாருங்கள். அதிலும் பிடிபடவில்லை என்றால் ட்ரேஸ்தான். ப்ரீரவுட்டிங் ஹூக்கில், மிகக் குறைந்த ப்ரையாரிட்டியோடு ஒரு செயின் போட்டு, 192.168.10.50லிருந்து வரும் ஐசிஎம்பிக்கு மட்டும் மெட்டா என்எஃப்ட்ரேஸ் செட் 1 என்று எழுதுங்கள். இன்னொரு டெர்மினலில் என்எஃப்டி மானிட்டர் ட்ரேஸ். பாக்கெட் தொட்ட ஒவ்வொரு செயினும், கடைசியில் தீர்ப்பு சொன்ன விதியும் வரி வரியாக வரும். மூல முகவரியைக் குறிப்பிடாமல் இதைப் போட்டுவிட்டால் திரை நிற்காமல் ஓடும், ஒன்றும் படிக்க முடியாது.

டாக்கர் போட்ட நாளிலிருந்து இந்தப் பிரச்சினை. சம்பந்தம் இருக்குமா?

இருக்கும். 2017இல் வந்த 1.13 பதிப்பிலிருந்து டாக்கர் (கன்டெய்னர் ஓட்டும் மென்பொருள்) ஃபார்வர்ட் செயினின் பாலிசியை ட்ராப் ஆக்குகிறது. ஆனால் எப்போதும் இல்லை. ஐபி ஃபார்வர்டிங் அணைந்திருந்து, டாக்கரே அதைப் போட நேர்ந்தால்தான் பாலிசியையும் மாற்றும். ஏற்கெனவே 1 ஆக இருந்தால் பாலிசியைத் தொடாது. அதனால்தான் சில மெஷின்களில் ஒரு ரீபூட்டில் ஓடும், அடுத்ததில் ஓடாது. யார் முந்திக்கொண்டார்கள் என்பதைப் பொறுத்தது.

தீர்வாக டாக்கர்-யூசர் என்ற செயினில் உங்கள் விதிகளை எழுதுங்கள். ஈத்1லிருந்து பிபிபி0வுக்கு அனுமதி ஒன்று, எதிர்த்திசையில் ரிலேட்டட், எஸ்டாப்ளிஷ்ட் நிலைக்கு அனுமதி ஒன்று. டாக்கர் தன் விதிகளை மாற்றி எழுதினாலும் அந்தச் செயினுக்குள் இருப்பதைத் தொடாது. பாலிசியைத் திரும்ப அக்செப்ட் ஆக்குவது சுலபம்தான், ஆனால் கேட்வேயில் அது நல்ல பழக்கம் இல்லை.

இதோடு ஒட்டிய இன்னொன்று: பிஆர்_நெட்ஃபில்டர் என்ற மாட்யூல் ஏறியிருந்தால், ஒரே பிரிட்ஜுக்குள் இருக்கும் இரண்டு விர்ச்சுவல் மெஷின்கள் பேசிக்கொள்ளும் பாக்கெட்கூட ஐபிடேபிள்ஸின் ஃபார்வர்ட் செயின் வழியாகப் போகும். கேவிஎம்மும் டாக்கரும் ஒரே மெஷினில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மாஸ்கரேட் (ஒரு வகை நாட்) விதி போட்டேன். பிபிபி0வில் இன்னும் 192.168.10.50தான் தெரிகிறது.

விதியில் வெளியேறும் இன்டர்ஃபேஸ் எது என்று எழுதியிருக்கிறீர்கள்? பிபிபிஓஇ ஓடும்போது ஈத்0 என்று எழுதினால் பொருந்தாது. ஐபி பாக்கெட் வெளியேறுவது பிபிபி0 வழியாக. ஈத்0இல் போவது அதைச் சுற்றிய பிபிபிஓஇ உறை மட்டுமே. டிஹெச்சிபி லைனிலிருந்து பிபிபிஓஇக்கு மாறியவர்களிடம் அடிக்கடி பார்ப்பது இது.

விதி சரி என்றால், பிங்கை நிறுத்தாமல் ஓட விட்டபடியே விதியைச் சேர்த்தீர்களா? நாட் டேபிளைக் கெர்னல் பார்ப்பது ஒரு கனெக்‌ஷனின் முதல் பாக்கெட்டுக்கு மட்டும். அப்போது எடுத்த முடிவு கான்ட்ராக் என்ற கெர்னல் பதிவேட்டில் பதிந்துவிடும். ஓடிக்கொண்டே இருக்கும் பிங் ஒவ்வொரு வினாடியும் அந்தப் பதிவுக்கு உயிர் கொடுத்துக்கொண்டே இருக்கும். நீங்கள் எத்தனை விதி சேர்த்தாலும் அதற்குக் காது கேட்காது. பிங்கை நிறுத்தி 30 வினாடி விடுங்கள், அல்லது கான்ட்ராக் -டி -எஸ் 192.168.10.50 என்று பதிவை அழியுங்கள். விதி மாற்றிவிட்டுச் சோதிக்கும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்வது நல்லது.

சில தளங்கள் திறக்கின்றன, சில சுற்றிக்கொண்டே இருக்கின்றன. பிங் எல்லாவற்றுக்கும் போகிறது.

இது எம்டியூ, அதாவது ஒரு லைனில் போகக்கூடிய மிகப் பெரிய பாக்கெட்டின் அளவு. அறிகுறி அவ்வளவு தெளிவு. பிங் சின்ன பாக்கெட், போய்விடும். டிசிபி கைகுலுக்கலும் சின்னது, போய்விடும். பிறகு சர்வர் தன் சான்றிதழை அனுப்பும்போதுதான் முழு நீள பாக்கெட் கிளம்புகிறது, அங்கே நிற்கிறது. பிரௌசர் காத்துக்கொண்டே இருக்கும்.

ஈதர்நெட்டின் எம்டியூ 1500. பிபிபிஓஇ தன் தலைப்புக்கு 8 பைட் எடுத்துக்கொள்வதால் பிபிபி0வுக்கு 1492. உள்ளே இருக்கும் கம்ப்யூட்டருக்கு இது தெரியாது, தன் கார்டின் 1500ஐ வைத்துக் கணக்குப் போட்டு “எனக்கு 1460 பைட் துண்டுகளாக அனுப்பு” என்று சர்வரிடம் சொல்கிறது. சர்வர் 1500 பைட் பாக்கெட்டை, உடைக்கக் கூடாது என்ற குறியோடு அனுப்புகிறது. சேவை நிறுவனத்தின் பக்கத்தில் அது 1492க்குள் நுழையாது. “பெரிதாக இருக்கிறது” என்று ஐசிஎம்பி செய்தி சர்வருக்குத் திரும்பிப் போக வேண்டும். வழியில் யாராவது ஐசிஎம்பி எல்லாமே ஆபத்து என்று அடைத்து வைத்திருந்தால் சர்வருக்குச் செய்தி சேராது, அதே பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பும். தளத்துக்குத் தளம் நடத்தை மாறுவது இதனால்தான்.

உள்ளே இருக்கும் லினக்ஸ் கம்ப்யூட்டரிலிருந்து பிங் -எம் டூ -எஸ் 1464 1.1.1.1 என்று அடியுங்கள். 1464உடன் ஐபி, ஐசிஎம்பி தலைப்புகளின் 28 சேர்ந்தால் 1492. இது போய், 1465 போகாமல் 192.168.10.1லிருந்து “ஃப்ராக் நீடட் அண்ட் டிஎஃப் செட்” என்று வந்தால் கணக்கு சரி. 1464உம் போகவில்லை என்றால் பாதையில் இன்னும் சின்ன இடம் ஏதோ இருக்கிறது, எண்ணைக் குறைத்துக்கொண்டே போங்கள்.

மருந்து, எம்எஸ்எஸ் கிளாம்பிங், அதாவது டிசிபி துண்டின் அளவைக் கேட்வேயே குறைத்து எழுதுவது. மேங்கிள் டேபிளின் ஃபார்வர்ட் செயினில், சின் கொடி உள்ள டிசிபி பாக்கெட்டுகளுக்கு டிசிபிஎம்எஸ்எஸ் டார்கெட்டை --கிளாம்ப்-எம்எஸ்எஸ்-டு-பிஎம்டியூ என்ற விருப்பத்தோடு போடுங்கள். என்எஃப்டேபிள்ஸில் டிசிபி ஆப்ஷன் மேக்ஸ்செக் சைஸ் செட் ஆர்டி எம்டியூ. இப்போது கைகுலுக்கலின்போதே 1460 என்பது 1452 ஆகிவிடும், பெரிய பாக்கெட் கிளம்பாது. வயர்கார்ட் (ஒரு விபிஎன்) டனலுக்கும் இதே விதிதான், அங்கே எம்டியூ வழக்கமாக 1420.

கிளாம்பிங் டிசிபிக்கு மட்டுமே. யூடிபி மேல் ஓடும் விபிஎன் இருந்தால் அதன் எம்டியூவை அதன் அமைப்பிலேயே குறைக்க வேண்டும். உங்கள் கேட்வேயிலும் ஐசிஎம்பியை மொத்தமாக அடைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். பாதுகாப்பு என்று நினைத்துப் போடும் அந்த விதி, பிறருக்கு நீங்கள் வைக்கும் கண்ணி.

காலையில் நன்றாக ஓடுகிறது. ஆள் கூடக்கூட புது கனெக்‌ஷன் எதுவும் கிடைப்பதில்லை.

டிமெசேஜைப் பாருங்கள். “என்எஃப்_கான்ட்ராக்: டேபிள் ஃபுல், ட்ராப்பிங் பாக்கெட்” என்று இருக்கும். பழைய கனெக்‌ஷன்கள் ஓடும், புதியவை மட்டும் சாகும், அதுதான் இதன் முத்திரை. என்எஃப்_கான்ட்ராக்_கவுன்ட் எவ்வளவு, என்எஃப்_கான்ட்ராக்_மேக்ஸ் எவ்வளவு என்று ஒப்பிடுங்கள்.

மேக்ஸை உயர்த்தினால் சரியாகிவிடும், ஆனால் அதற்கு முன் டேபிளை நிரப்புவது யார் என்று பாருங்கள். கான்ட்ராக் -எல் கொடுத்து மூல முகவரி வாரியாக எண்ணினால் பெரும்பாலும் ஒரே ஒரு மெஷின் பாதியை எடுத்துக்கொண்டிருக்கும். டொரென்ட், அல்லது வைரஸ் ஏறிய கேமரா ரெக்கார்டர். இன்னொரு காரணம், நிலைபெற்ற டிசிபி கனெக்‌ஷனை ஒரு பாக்கெட்கூட வராமல் கெர்னல் நினைவில் வைத்திருக்கும் காலம் 432000 வினாடி, அதாவது 5 நாள். வைஃபையை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போன ஒவ்வொரு போனின் பதிவும் டேபிளில் கிடக்கும். 7440 வினாடி வரை குறைக்கலாம். ஆர்எஃப்சி 5382 நாட் கருவிகளுக்குச் சொல்லும் குறைந்தபட்சம் 2 மணி 4 நிமிடம், அதுதான் இந்த எண்.

போர்ட் ஃபார்வர்ட் வெளியிலிருந்து வேலை செய்கிறது, உள்ளிருந்து பொது முகவரியை அடித்தால் இல்லை.

192.168.10.50 பொது முகவரிக்கு அனுப்புகிறது, கேட்வே அதை 192.168.10.20 என்ற சர்வருக்குத் திருப்புகிறது. சர்வருக்கு .50 பக்கத்து மெஷின், எனவே பதிலை நேராக அனுப்பிவிடும், கேட்வே பக்கம் வராது. கேட்டது பொது முகவரியிடம், பதில் வருவது .20இடமிருந்து. “நீ யார்?” என்று .50 ரீசெட் அனுப்பிவிடும். உள்ளிருந்து .20க்குத் திருப்பப்படும் பாக்கெட்டுக்கும் மாஸ்கரேட் போட்டால் தீரும், ஆனால் சர்வர் லாகில் எல்லோரும் 192.168.10.1 ஆகத் தெரிவார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு டிஎன்எஸ்ஸே .20 என்று பதில் சொல்லும்படி வைப்பது சுத்தமான வழி. டிநாட் (சேருமிட முகவரியை மாற்றும்) விதியில் -ஐ பிபிபி0 என்று எழுதியிருந்தால் உள்ளிருந்து வருவது அதில் பொருந்தவே பொருந்தாது, அதையும் பாருங்கள்.

வெளியிலிருந்தே வேலை செய்யவில்லை என்பவர்கள் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஃபார்வர்ட் செயினுக்கு பாக்கெட் வரும்போது முகவரியும் போர்ட்டும் ஏற்கெனவே மாறிவிட்டிருக்கும். வெளியே 8080, உள்ளே 80 என்றால் அனுமதி விதியில் .20, போர்ட் 80 என்றே எழுத வேண்டும். அப்புறம் பிபிபி0வின் முகவரி 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்குகிறதா? அப்படியென்றால் நீங்கள் சேவை நிறுவனம் செய்யும் நாட் மாற்றத்துக்குப் பின்னால் இருக்கிறீர்கள். கேட்வேயில் என்ன செய்தாலும் வெளியிலிருந்து யாரும் வர முடியாது. பொது முகவரி வாங்குங்கள், இல்லையென்றால் வெளியே ஒரு விபிஎஸ் (வாடகை சர்வர்) எடுத்து வயர்கார்ட் போடுங்கள்.

ஐபிவி6 ஃபார்வர்டிங் போட்டேன், கேட்வேக்கே ஐபிவி6 போய்விடுகிறது.

ஃபார்வர்டிங் போட்டதும் கெர்னல் தன்னை ரவுட்டராகக் கருதி, மற்ற ரவுட்டர்களின் விளம்பரத்தைக் கேட்பதை நிறுத்திவிடும். முன்பு கேட்ட டீஃபால்ட் ரூட்டும் மறைந்துவிடும். வெளிப்பக்க இன்டர்ஃபேஸுக்கு அக்செப்ட்_ஆர்ஏ 2 என்று வையுங்கள். உள்ளே இருப்பவர்களுக்கு முகவரி கொடுக்கத் தனியாக ப்ரிஃபிக்ஸ் டெலிகேஷன் (உள்ளே பகிரச் சேவை நிறுவனம் தரும் முகவரித் தொகுதி) கிடைக்க வேண்டும், வெளிப்பக்கத்தின் /64ஐ உள்ளே பகிர முடியாது. ஐசிஎம்பிவி6ஐ அடைக்கவே கூடாது, ஐபிவி6இல் இடையில் இருக்கும் ரவுட்டர் பாக்கெட்டை உடைக்காது.

கிளவுடில் ஒரு விஎம்மை நாட் கேட்வே ஆக்கினேன். எல்லாம் சரி, ஆனால் பாக்கெட் உள்ளேயே வரவில்லை.

லினக்ஸுக்கு வெளியே ஒரு தடை இருக்கிறது. ஏடபிள்யூஎஸ்ஸில் அந்த மெஷினின் சோர்ஸ்/டெஸ்டினேஷன் செக்கை அணைக்க வேண்டும். அஷூரில் நெட்வொர்க் கார்டில் ஐபி ஃபார்வர்டிங்கை இயக்க வேண்டும். கூகுள் கிளவுடில் ஐபி ஃபார்வர்டிங் அனுமதியை மெஷின் உருவாக்கும்போதே கொடுத்துவிடுவது நல்லது. அதோடு அந்த நெட்வொர்க்கின் ரூட் டேபிளும் உங்கள் விஎம்மைக் காட்ட வேண்டும்.

எல்லாம் கடக்கிறது, ஆனால் அடுத்த சப்நெட்டில் இருக்கும் பிரிண்டர் தானாகத் தெரியவில்லை.

தெரியாது. எம்டிஎன்எஸ் (சாதனங்கள் ஒன்றையொன்று தானாகக் கண்டுபிடிக்கும் முறை) 224.0.0.251ஐப் பயன்படுத்துகிறது, 224.0.0.0/24இல் இருக்கும் எதையும் ரவுட்டர் கடத்தக் கூடாது என்பது விதி. கேட்வேயில் அவாஹி போட்டு அதன் ரிஃப்ளெக்டரை இயக்குங்கள், அல்லது பிரிண்டருக்கு நிலையான முகவரி கொடுத்துக் கையால் சேருங்கள். பத்துப் பேர் அலுவலகத்துக்கு இரண்டாவதே மேல்.

இன்னும் பிடிபடவில்லை. யாரிடமாவது உதவி கேட்கும்போது எதை அனுப்ப வேண்டும்?

ஐபி அட்ரஸ், ஐபி ரூல், ஐபி ரூட் ஷோ டேபிள் ஆல், என்எஃப்டி லிஸ்ட் ரூல்செட், இந்த நான்கின் முழு வெளியீடு. சிஸ்சிடிஎல் -ஏவில் ஃபார்வர்டிங், ஆர்பி_ஃபில்டர் உள்ள வரிகள். மேலே சொன்ன ஐபி ரூட் கெட்டின் பதில். ஒரே நேரத்தில் ஈத்1, பிபிபி0 இரண்டிலும் எடுத்த டிசிபிடம்ப், ஒவ்வொன்றிலும் பத்து வரி போதும். ஸ்கிரீன்ஷாட்டாக இல்லாமல் எழுத்தாகவே அனுப்புங்கள். பொது முகவரியை மறைக்க விரும்பினால் எல்லா இடத்திலும் 203.0.113.5 என்று ஒரே எண்ணாக மாற்றுங்கள், அது எடுத்துக்காட்டுக்கென்றே ஒதுக்கப்பட்ட தொகுதியில் இருக்கும் முகவரி. எல்லாவற்றையும் எக்ஸ் எக்ஸ் என்று அழித்து அனுப்பினால் எந்த முகவரி எங்கே மாறுகிறது என்று யாராலும் சொல்ல முடியாது.